கேட் (CAD, கணினியில் வரையும்) வரைபடத்தைப் படமாக எடுத்தால் எண்களும் ஹேட்சும் (வெட்டிய பரப்பைக் காட்டும் சாய்கோடுகள்) மங்கிவிடுகின்றன, எப்படிச் சரிசெய்வது?

வெட்டுத்தோற்றம்:

ஒரு பேரிங் ஹவுசிங்கின் (பேரிங்கைத் தாங்கும் கூட்டின்) குறுக்குவெட்டை ஆட்டோகேட்டில் வரைந்து வைத்திருக்கிறேன். ப்ராஜெக்ட் அறிக்கையில் சேர்க்க வேண்டும். வேர்டு கோப்பு, ஏ4 பக்கம், ஓரம் போக 160 மிமீ அகலம்தான் கிடைக்கிறது. பிஎன்ஜிஅவுட் கட்டளை கொடுத்துப் படமாக எடுத்தேன், திரையில் பளிச்சென்றுதான் தெரிந்தது. அச்சடித்துப் பார்த்தால் 6 எது 8 எது என்று தெரியவில்லை, ஹேட்ச் கோடுகள் ஒட்டிக்கொண்டு சாம்பல் பட்டையாகிவிட்டன, பின்னணி வேறு கறுப்பு. படம் 1640 x 790 பிக்சல், அதில் வரைபடம் இருப்பது பாதி அகலத்தில். அப்புறம் ஏ3 ஷீட்டைப் பிடிஎஃப் ஆக்கி, அதைத் திரையில் பெரிதாக்கி ஸ்கிரீன்ஷாட் எடுத்தும் பார்த்தேன், கொஞ்சம் தேவலை, ஆனால் எண்கள் எறும்பு மாதிரி இருக்கின்றன. அளவைத் தப்பாகப் படித்தால் பாகமே தப்பாக வந்துவிடும் இல்லையா, அதனால் இதை இப்படியே விட மனமில்லை. சரியான வழி என்ன?

மில்லிமீட்டர்:

உங்களுக்கு இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள் இருக்கின்றன, ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று போகாது.

முதலாவது பிக்சல். பிஎன்ஜிஅவுட் திரையில் இருப்பதை அப்படியே எடுத்துத் தரும், திரைக்கு மேல் ஒரு பிக்சல்கூடக் கூடுதலாக வராது. 1640இல் பாதி என்றால் வரைபடத்துக்குக் கிடைத்தது 820 பிக்சல். அதை 160 மிமீ, அதாவது 6.3 அங்குலத்தில் விரித்தால் அங்குலத்துக்கு 130 புள்ளிதான். கோட்டு வரைபடத்துக்கு இது போதவே போதாது. 300 டிபிஐயில்கூட (டிபிஐ என்பது அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்பது) ஒரு பிக்சல் 0.085 மிமீ, எனவே 0.25 மிமீ கோட்டுக்கு மூன்று பிக்சல் கிடைக்கும், 0.13 மிமீ கோட்டுக்கோ ஒன்றரைதான் கிடைக்கும். ஒன்றரை பிக்சலை முழுசாக வரைய முடியாதே, அதனால்தான் மெல்லிய கோடுகள் ஓரிடத்தில் கறுப்பாகவும் ஓரிடத்தில் சாம்பலாகவும் தெரிகின்றன. கோட்டு வரைபடம் என்றால் நான் 600க்குக் கீழே போவதே இல்லை. 160 மிமீ அகலத்துக்கு 3780 பிக்சல் வரும்.

இரண்டாவதுதான் முக்கியம், பலரும் கவனிக்காமல் விடுவது. ஏ3 ஷீட் 420 மிமீ அகலம். அதை 160க்குச் சுருக்கினால் எல்லாமே 0.38 மடங்காகிவிடும். ஷீட்டில் 2.5 மிமீ உயரத்தில் போட்ட எண் பக்கத்தில் 0.95 மிமீ ஆகிறது. எத்தனை டிபிஐ கொடுத்தாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான எழுத்தைக் கண்ணால் வசதியாகப் படிக்க முடியாது. படம் கூர்மையாக இருக்கும், ஆனால் படிக்க உதவாது.

அதனால் ஷீட்டைச் சுருக்காதீர்கள். அறிக்கைக்கென்றே தனியாக ஒரு லேஅவுட், அதாவது அச்சுக்கான தாள் அமைப்பு, போடுங்கள். பிளாட் (அச்சிடும்) பெட்டியில் டிடபிள்யூஜி டு பிடிஎஃப் பிளாட்டரைத் தேர்ந்து, அதன் ப்ராப்பர்ட்டீஸில் கஸ்டம் பேப்பர் சைஸ் என்பதில் 160 x 100 மிமீ என்று ஒரு தாளைச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஓரம் நான்கு பக்கமும் பூஜ்யம். ஹவுசிங் 240 மிமீ அகலம் என்று வைத்துக்கொள்வோம், வியூபோர்ட்டில் (தாளில் வரைபடம் தெரியும் சட்டத்தில்) 1:2 வைத்தால் 120 மிமீ வரும், இரண்டு பக்கமும் டைமென்ஷனுக்கு (அளவுக் குறிப்புகளுக்கு) 20 மிமீ மிஞ்சும். டைமென்ஷன்களை அந்த லேஅவுட்டிலேயே 2.5 மிமீ எழுத்தில் போடுங்கள், அல்லது அனோடேட்டிவ் (அளவுகோலுக்கேற்ப எழுத்து தானே சரியாகும் வகை) ஆக்கிவிடுங்கள். ஹேட்சின் அளவையும் கூட்ட வேண்டும், தாளில் கோட்டுக்குக் கோடு ஒன்றரை, இரண்டு மிமீ இடைவெளி இருந்தால் ஒட்டாது. பிளாட் ஸ்டைலில் மோனோக்ரோம்.சிடிபி வையுங்கள், நிறக் கோடுகளைக் கறுப்பாக அச்சிடும் அமைப்புக் கோப்பு அது. இதைச் செய்யாவிட்டால் கறுப்புத் திரையில் பளிச்சென்று தெரியும் மஞ்சள் கோடு வெள்ளைத் தாளில் காணாமல் போய்விடும்.

பிளாட் செய்த பிடிஎஃப்பை ஜிம்ப் என்ற படத் திருத்தியில் திறந்தால் ரெசல்யூஷன் கேட்கும், 600 கொடுத்து பிஎன்ஜியாகச் சேமியுங்கள். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம்.

கூர்முனை:

மேலே சொன்னது சரி. பிடிஎஃப் வழியே சுற்றிப் போக விரும்பாதவர்கள் பிளாட் பெட்டியிலேயே பப்ளிஷ்டுவெப் பிஎன்ஜி பிளாட்டரை எடுத்து, தாள் அளவாக 3780 x 2362 பிக்சல் சேர்த்து நேரடியாகப் படம் எடுக்கலாம். ஆனால் பிக்சல் கூடக் கூடக் கோடுகள் மெலிந்து போகும், தடிமன் நீங்கள் வைத்தபடி வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு இதனாலேயே பிடிஎஃப் வழிதான் நிம்மதி.

ஜேபெக் பக்கம் போகவே போகாதீர்கள். அது படத்தை 8 x 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குவதால், கறுப்பும் வெள்ளையும் மோதும் இடங்களில் அழுக்குப் படிந்த மாதிரி புள்ளிகள் விழும். எண்களைச் சுற்றித்தான் அது அதிகம் தெரியும். பிஎன்ஜி எதையும் இழக்காமல் சுருக்குகிறது, வரைபடத்தில் பெரும்பகுதி வெற்று வெள்ளைதானே, 3780 பிக்சல் அகலம் என்றாலும் கோப்பு பயப்படுகிற அளவுக்கு வராது.

இன்னொன்று, இவ்வளவும் செய்த பிறகு வேர்டு தன் பங்குக்குப் படத்தைச் சுருக்கிவிடலாம். ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு என்று போய், படங்களைச் சுருக்க வேண்டாம் என்ற பெட்டியில் டிக் செய்துவிட்டு அப்புறம் படத்தைச் செருகுங்கள். வாட்ஸ்ஆப்பில் யாருக்காவது அனுப்பினால் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

திருப்புளி:

பிக்சலே வேண்டாம் என்பது என் கட்சி. பிடிஎஃப்பை இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் திறந்து எஸ்விஜியாக (பிக்சல் இல்லாமல் கோடுகளாகவே சேமிக்கும் வடிவம்) சேமித்தால் புது வேர்டு பதிப்புகள் நேராக ஏற்றுக்கொள்ளும், எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு கோடாகவே இருக்கும். லேட்டெக் என்ற ஆவணம் அமைக்கும் மென்பொருளில் எழுதுகிறவர்கள் அந்தப் பிடிஎஃப்பையே படமாகச் சேர்க்கலாம். ஃப்ரீகேட் என்ற இன்னொரு கேட் மென்பொருளில், வரைபடத் தாள் தயாரிக்கும் டெக்டிரா பக்கத்திலிருந்து எஸ்விஜி நேரடியாகவே கிடைக்கும்.

நிழலோடு கூடிய முப்பரிமாணத் தோற்றத்துக்கு மட்டும் இது உதவாது, அதற்குப் பிக்சல்தான். ஃப்ரீகேட்டில் டூல்ஸ் மெனுவில் படமாகச் சேமிக்கும் வசதி இருக்கிறது, அகலம், உயரம், பின்னணி எல்லாம் நீங்களே கொடுக்கலாம், திரை அளவுக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. சாலிட்வொர்க்ஸ் கேட் மென்பொருளில் எக்ஸ்போர்ட் ஆப்ஷன்ஸில் ஸ்கிரீன் கேப்சருக்குப் பதில் பிரிண்ட் கேப்சரை வைத்தால் டிபிஐ கொடுக்க இடம் வரும்.

வெட்டுத்தோற்றம்:

எல்லோருக்கும் நன்றி. 160 x 100 லேஅவுட் போட்டு, 600இல் எடுத்து அச்சடித்தேன். எண்களெல்லாம் கை நீட்டிப் பிடித்துப் பார்த்தாலும் தெரிகின்றன! டாலரன்ஸ் (அனுமதிக்கப்பட்ட அளவு வேறுபாடு) எண்களை மட்டும் இன்னும் கொஞ்சம் பெரிதாக்க வேண்டியிருந்தது. ஒரே ஒரு குறை, ஒரு ஹேட்ச் மட்டும் வெளிர்பச்சையாகவே வருகிறது. மோனோக்ரோம் வைத்துத்தான் எடுத்தேன்.

மில்லிமீட்டர்:

அந்த ஹேட்சுக்கு ட்ரூ கலர், அதாவது சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்களால் குறிக்கும் நிறம், கொடுத்திருப்பீர்கள். சிடிபி 1 முதல் 255 வரையுள்ள எண் நிறங்களைத்தான் மாற்றும், ட்ரூ கலரைத் தொடாது. ப்ராப்பர்ட்டீஸில் நிறத்தைப் பாருங்கள், மூன்று எண்கள் காற்புள்ளியோடு இருந்தால் அதுதான்.

வெட்டுத்தோற்றம்:

அதேதான், வேறொரு கோப்பிலிருந்து ஒட்டிய ஹேட்ச் அது. நிறம் 8க்கு மாற்றினேன், கறுப்பாக வந்துவிட்டது.