ஆஸ்பத்திரி இன்டர்வியூல நர்ஸிங் படிக்கப் போறத சொல்லலாமா வேணாமா?

விடியல்:
எல்லாருக்கும் வணக்கம். வார்டு அசிஸ்டன்ட் வேலைக்கு அப்ளை பண்ணிருந்தேன், அடுத்த வாரம் இன்டர்வியூக்கு கூப்பிட்டிருக்காங்க. நர்ஸிங் காலேஜ்லயும் சீட் கன்ஃபர்ம் ஆயிடுச்சு, கிளாஸ் ஆரம்பிக்க இன்னும் அஞ்சாறு மாசம் இருக்கு. இத சொன்னா எப்படியும் போயிடுவேன்னு எடுக்காம விட்டுடுவாங்களோன்னு பயமா இருக்கு, சொல்லாம சேந்துட்டு அப்புறமா ஷிஃப்ட் மாத்திக் கேட்டா ஏமாத்திட்டேன்னு நினைப்பாங்க. வேலைய விடுற எண்ணமே இல்ல, படிச்சுக்கிட்டே பார்ட் டைமா பாக்கணும். யாராச்சும் வழி சொல்லுங்க ப்ளீஸ்.

வார்டு இன்சார்ஜ்:
நான் ஆள் எடுக்குற பக்கம் உக்காருறவ, அதனால அங்கேர்ந்து சொல்றேன்மா. நர்ஸிங் படிக்கப் போறது எங்களுக்குப் பிடிச்ச விஷயம்தான், நோயாளிய திருப்பிப் படுக்க வச்சு, பெட் மாத்தி, ஷிஃப்ட் மாறும்போது நோயாளி விவரத்த அடுத்தவங்ககிட்ட சொல்லி ஒப்படைக்கற ஹேண்டோவர் நடக்கறத பாத்துப் பழகின பொண்ணு பின்னாடி ஸ்டாஃப் நர்ஸா வந்தா வார்டுக்கு அவ்வளவு நல்லது. எங்க கவலை எல்லாம் ட்யூட்டி லிஸ்ட்தான். புதுசா வர்றவங்கள தனியா விடுறதுக்கு முன்னாடி வாரக்கணக்குல ஒரு சீனியரோட போட்டுப் பழக்குறோம், பழக்கி முடிச்ச கையோட பகல்ல வர முடியாதுன்னா அந்த சுமை கூட வேலை பாக்குறவங்க தலைலதான் விழும். அதனால சேர்றதுக்கு முன்னாடியே சொல்லிடு. தயங்கித் தயங்கி சொல்லாத, இன்ன மாசம் வரைக்கும் எந்த ஷிஃப்ட்டும் பாப்பேன், அதுக்கப்புறம் நைட்டும் சனி ஞாயிறும் வருவேன்னு தெளிவா சொல்லு, லிஸ்ட் போடுறவங்களுக்கு வேண்டியது அதுதான்.

செகண்ட் இயர்:
அக்கா சொல்றது சரி, ஆனா எல்லா இன்சார்ஜும் அப்படி யோசிக்கறதில்ல. நான் ஒரு இடத்துல உக்காந்த உடனேயே சொன்னேன், அதோட பேச்சு முடிஞ்சுது. இன்னொரு இடத்துல அவங்க ஓகே சொன்னதுக்கப்புறம், கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி சொன்னேன், பார்ட் டைம் போஸ்ட்டா மாத்திக் கொடுத்தாங்க. என்னைக் கேட்டா அதுதான் சரியான நேரம். ஆனா அவங்களே மேல படிக்கற ஐடியா இருக்கான்னு கேட்டுட்டா மறைக்கவே கூடாது. அப்புறம் ஒண்ணு, கிளினிக்கல் போஸ்டிங், அதாவது ஆஸ்பத்திரில போய் எடுக்கற பயிற்சி, எந்த நாள்ல வரும்னு காலேஜ்ல பெரும்பாலும் கடைசி நேரத்துலதான் தெரியும், செமஸ்டருக்கு செமஸ்டர் மாறவும் செய்யும், அதனால இந்தக் கிழமை கண்டிப்பா வர்றேன்னு இப்பவே வாக்கு கொடுத்துடாதீங்க.

விடியல்:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. ஆஃபர் வந்ததும் கையெழுத்துக்கு முன்னாடி சொல்லிடறேன், நடுவுல கேட்டா அங்கயே சொல்லிடுவேன். சில ஆஸ்பத்திரில படிப்புச் செலவுக்கு உதவி பண்ணுவாங்கன்னு கேள்விப்பட்டேன், அதையும் அப்பவே கேக்கலாமா?

வார்டு இன்சார்ஜ்:
தாராளமா கேளும்மா, ஆனா எச்.ஆர்.கிட்ட கேளு, வார்டுல இருக்கறவங்களுக்கு அந்த விவரம் முழுசா தெரியாது. பல இடத்துல கொஞ்ச காலம் வேலை பாத்தாதான் அந்த உதவி, பாண்டும் இருக்கும், படிச்சு முடிச்சு இத்தன வருஷம் இங்கயே இருக்கணும் நடுவுல போனா காசைத் திருப்பிக் கட்டணும்னு போட்டிருப்பாங்க. ஒரு பேப்பர்ல அரியர் விழுந்தா, ஒரு வருஷம் தள்ளிப்போனா என்ன ஆகும்னு கேட்டு எழுத்துல வாங்கிக்கோ.

செகண்ட் இயர்:
நைட் ட்யூட்டி முடிச்சு காலைல நேரா கிளினிக்கலுக்குப் போற மாதிரி மட்டும் ஒத்துக்காதீங்க, தூக்கக் கலக்கத்துல மருந்து அளவு தப்பினா கஷ்டப்படப் போறது நோயாளி.

வார்டு இன்சார்ஜ்:
ஆமாம்மா. இன்னொண்ணும் மனசுல வச்சுக்கோ, காலேஜ்ல ஊசி போட, மருந்து கொடுக்கக் கத்துக்கிட்டிருப்ப, ஆனா அசிஸ்டன்ட் யூனிஃபார்ம்ல இருக்கும்போது அத செய்யக் கூடாது. ஆள் கம்மியா இருக்கு, உனக்குத்தான் தெரியுமேன்னு யாராச்சும் சொன்னாலும் என் போஸ்ட்டுல அதுக்கு அனுமதி இல்ல சிஸ்டர்னு சொல்லிடு.