வொல்ஃபென்ஸ்டைன் த நியூ ஓர்டர்: முதல் ரெண்டு மணித்தியாலம். தொடரலாமா?

கல்லடிப்பாலம்:
வணக்கம் அண்ணன்மாரே. ஜேர்மன்காரன் போரில வெண்ட மாதிரி கதை எண்டதால இந்தத் துப்பாக்கிச் சண்டைக் கேமை இறக்கினன். 1946 கோட்டை முடிஞ்சு, போலந்து ஆஸ்பத்திரியும் முடிஞ்சு, இப்ப 1960 சோதனைச்சாவடியில நிக்கிறன். மூண்டு பிரச்சினை.
1. சடாரெண்டு திரும்பினா சுவர், நிலம் எல்லாம் களி மாதிரி மங்கி, ரெண்டு செக்கன் கழிச்சுத்தான் தெளியுது. என்ட கொம்பியூட்டர்: ஐ5 நாலாம் தலைமுறை, 8 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 750 டிஐ 2 ஜிபி கிராஃபிக்ஸ் கார்ட், பழைய ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10.
2. ஒருத்தனைச் சுட்டா ஊரே திரண்டு வருகுது. சுடச் சுட முடியுதே இல்ல.
3. கோட்டையில ரெண்டு கூட்டாளியில ஒருத்தனைத்தான் காப்பாத்தலாம் எண்டாங்க, ஃபெர்கஸைக் காப்பாத்தினன். வயட்டைக் காப்பாத்தியிருக்கணுமோ?

வாவிக்கரை:
தம்பி, முதலாவதுக்கு கார்ட்டைக் குறை சொல்லாதீங்க. இந்தக் கேமை ஓட்டுற மென்பொருள் ஐடி டெக் 5 எஞ்சின். நிலம், சுவர் எல்லாத்தின்ட படமும் ஒரு பெரிய தொகுப்பா டிஸ்க்கில கிடக்கும். நீங்க பார்க்கிற பக்கத்துக்குரிய துண்டை மட்டும் அந்த நேரத்தில வாசிச்சு எடுக்கும். சுத்துற ஹார்ட் டிஸ்க் அவ்வளவு கெதியா துண்டு துண்டா வாசிக்காது, அதான் களி. 240 ஜிபி எஸ்எஸ்டி (சுத்தாத, கெதியான டிஸ்க்) ஒண்டு போதும், கேம் 50 ஜிபிக்குள்ள அடங்கும். திரும்ப இறக்கவும் தேவையில்ல. எஸ்எஸ்டியை ஸ்டீம் (கேம் வாங்கி இறக்கிற செயலி) ஸ்டோரேஜில சேர்த்துட்டு, கேம் பேரில ரைட் கிளிக், ப்ரொப்பர்ட்டீஸ், இன்ஸ்டோல்ட் ஃபைல்ஸ், மூவ்.

எஸ்எஸ்டி வாங்கும் வரைக்கும் நிழல் ரெசொல்யூஷனை இறக்குங்க, பின்னால ஓடுற டவுன்லோட், வைரஸ் ஸ்கேன் ரெண்டையும் நிப்பாட்டுங்க. மங்கல் குறையும், போகாது. செக்கனுக்கு 60 ஃப்ரேமுக்கு மேல போகல்ல எண்டு மண்டையை உடைக்காதீங்க, எஞ்சினே அங்க பூட்டித்தான் வெச்சிருக்கு.

அக்கரைப்பத்தான்:
ரெண்டாவதுக்கு நான் சொல்றன். திரையில சிக்னல் குறியும் பக்கத்தில மீட்டர் கணக்கும் தெரியுதா? அது கொமாண்டர். அவன் உசிரோட இரிக்கிற வரைக்கும், சத்தம் கேட்டா ஆள் கூப்பிட்டுக்கொண்டே இரிப்பான். நீங்க அம்பது பேரைச் சுட்டாலும் முடியாதது அதனாலதான். முதல்ல குனிஞ்சு போய் அவனை முடிங்க: பின்னால போய் கத்தி, இல்லாட்டி சைலன்சர் மாட்டின கைத்துப்பாக்கியால தலையில ஒண்டு. மீட்டர் குறையிற பக்கமா நடந்தா ஆள் ஆம்பிடுவான். அவன் செத்தா அந்த இடத்தில ஒளிச்சு வெச்சிரிக்கிற சாமானும் மெப்பில விழும். அதுக்குப் பிறகு ரெண்டு கையிலயும் துப்பாக்கியைத் தூக்கிட்டு வெளிய வாங்க, வேணாமெண்டு சொல்லல்ல.

இன்னொண்டு: லீன் (சாயிற) கீயைப் பிடிச்சுக்கொண்டு நடக்கிற கீயை அமத்தினா இடம் வலம் மட்டுமில்ல, மறைவுக்கு மேலாலயும் எட்டிப் பார்த்துச் சுடலாம். கனபேர் இதைத் தொடுறதே இல்ல.

உசிர்க் கணக்கு விளங்காம சாகிறவங்களும் இரிக்காங்க. தானா ஏறுறது அடுத்த இருபது வரைக்கும்தான். 47ல நிண்டா 60க்கு வரும், அதுக்கு மேல மருந்துப் பெட்டி வேணும். 100 நிறைஞ்ச பிறகும் பெட்டி எடுத்தா மேல ஏறும், ஆனா உடன வடியத் தொடங்கும். அதனால சண்டைக்குக் கால் வைக்கிற நேரத்தில எடுங்க.

வாவிக்கரை:
அதோட, ரவையும் கவசமும் மேல நடந்து போனா ஏறாது, ஒவ்வொண்டுக்கும் கீ அமத்தணும். என்ட கணக்கில இந்தக் கேமைச் செய்தவங்க எடுத்த மோசமான முடிவு இதுதான்.

கல்லடிப்பாலம்:
ஓ, அந்த மீட்டரை நான் போக வேண்டிய இடத்துக்குரிய தூரம் எண்டெல்லோ நினைச்சன்! மூண்டாவதுக்கு?

அக்கரைப்பத்தான்:
பெருசா ஒண்டும் மாறாது. ஃபெர்கஸ் வழியில வயர் இணைச்சுத் திறக்கிற கதவுகள், கூடுதல் உசிர். வயட் வழியில பூட்டு நெம்புறது, கூடுதல் கவசம். கூட வாற ஒரு ஆளும் மாறும். முதல் தரம் விளையாடுறவருக்கு உசிர் நல்லம். அடுத்து ரயில்ல ஒரு அம்மா படம் காட்டிக் கேள்வி கேப்பா. எந்தப் படத்தைத் தொட்டாலும் சரி, மேசையில இரிக்கிற துப்பாக்கியை மட்டும் தொடாதீங்க.

களுவாஞ்சி:
நானும் இறக்கலாம் எண்டிருக்கிறன். 44 ஜிபி அளவு எண்டாங்க, 10 எம்பிபிஎஸ் லைன். எவ்வளவு நேரம் போகும்? கரண்ட் போனா?

வாவிக்கரை:
லைன் முழுசா கிடைச்சாலே பத்து மணித்தியாலம் பக்கம். ராத்திரி டேட்டாவை ரெண்டு மூண்டு நாளைக்குப் பிரிச்சுப் போடுங்க, ஸ்டீம் விட்ட இடத்திலிருந்து தொடரும். கேமை வாங்கினப்பிறகு, வெச்சிருக்கிற கூட்டாளிட்ட கேம் ஃபோல்டரைக் கொப்பி பண்ணி ஸ்டீம் ஃபோல்டரில இருக்கிற ஸ்டீம்அப்ஸ், அதுக்குள்ள கொமன் எண்ட ஃபோல்டரில போட்டு இன்ஸ்டோல் அமத்தினா, இருக்கிறதைச் சரிபார்த்து மிச்சத்தை மட்டும் இறக்கும். மலிவெண்டு ஜேர்மன் கீ (ஸ்டீம்ல கேமைத் திறக்கிற குறியீடு) வாங்கிடாதீங்க: அந்தப் பதிப்பில நாசிச் சின்னமெல்லாம் வெட்டிக் கிடக்கு, ஜேர்மனி, ஒஸ்திரியாவுக்கு வெளிய திறக்கவும் மாட்டாது.

நினைச்ச இடத்தில சேவ் பண்ண ஏலா, கேம் தானா சேவ் பண்ணுற செக்பொயிண்ட் மட்டும்தான். கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாங்கிற சின்ன யூபிஎஸ் ஒண்டு இருந்தா ஒழுங்கா மூடிட்டு வெளிய வரலாம். சப்டைட்டிலையும் போட்டு வைங்க, கனக்க இடத்தில ஜேர்மன் பாஷையில பேசுவாங்க. வீட்டில சின்னாக்கள் இருந்தா ஹெட்போன். தடுப்பு முகாம் கட்டம் வரும்போது திரையையும் அங்கால திருப்பிடுங்க.