நான் மட்டும் ‘தேர்ந்தெடுக்கப்பட்டவன்’ என்றால் என் மனைவி யார்?

பழையகுடை:
பிறந்த சில வாரத்திலேயே எனக்குத் திருமுழுக்குக் கொடுத்துவிட்டார்கள், நானாக எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. சமீபத்தில் திருப்பலியில் பைபிளிலிருந்து 1 பேதுரு 2:9 வாசித்தார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட வழிமரபினர், கடவுளின் உரிமைச் சொத்தான மக்கள் என்று வரும் பகுதி. பெருமையாக இருந்திருக்க வேண்டும், ஆனால் நெளிந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். பூசைக்கு நான் போவதே வருடத்துக்கு நாலைந்து தடவை. என் மனைவி கிறிஸ்தவரே இல்லை, என்னைவிட எவ்வளவோ நல்லவள். கடவுள் அவளை விட்டுவிட்டு என்னைப் பொறுக்கி எடுத்தார் என்று எப்படி நம்புவது?

கடைசிபெஞ்ச்:
நெளிந்தது நல்லதுதான். பழைய ஏற்பாட்டில், இணைச்சட்டம் 7-இல் மோசே இஸ்ரயேல் மக்களிடம் சொல்வது இதுதான்: நீங்கள் எண்ணிக்கையில் பெரியவர்கள் என்பதால் ஆண்டவர் உங்களைத் தேர்ந்துகொள்ளவில்லை, எல்லா இனங்களிலும் நீங்கள்தான் சிறியவர்கள், அவர் உங்கள்மேல் அன்பு வைத்தார், மூதாதையருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார். தகுதி பற்றிப் பேச்சே இல்லை. ஆமோஸ் 3:2 இன்னும் காரம். உலகத்து இனங்களில் உங்களை மட்டுமே அறிந்துகொண்டேன், ஆகவே உங்கள் குற்றங்களுக்காக உங்களைத் தண்டிப்பேன் என்கிறார். ‘ஆகவே காப்பாற்றுவேன்’ என்றுதானே நாம் எதிர்பார்ப்போம்!

உங்கள் மனைவி விஷயத்துக்கு, இரண்டாம் வத்திக்கான் சங்கம் (உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய பொதுச்சங்கம்) 1964-இல் வெளியிட்ட, திருச்சபை பற்றிய ‘லூமென் ஜென்சியும்’ ஏட்டில் 16-ஆம் எண்ணைப் பாருங்கள். தன் குற்றமில்லாமல் நற்செய்தியை அறியாமல் இருந்தும், நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடி, அருளின் தூண்டுதலால் மனச்சான்றின்படி நடப்பவர் மீட்புப் பெறலாம் என்கிறது. உங்களைப் பற்றியும் அதில் ஒரு வரி உண்டு, 14-ஆம் எண்ணில். உடலளவில் திருச்சபைக்குள் இருந்தும் அன்பில் நிலைக்காதவர் மீட்படைவதில்லையாம்.

நெல்லிக்காய்:
சரி, அதற்காகத் தேர்வையே ஒன்றுமில்லாமல் கரைத்துவிட வேண்டாம். நீங்கள் கேட்ட அந்த 1 பேதுரு வசனம் பாதியில் நிற்கவில்லை. இருளிலிருந்து ஒளிக்கு அழைத்தவரின் செயல்களை அறிவிக்கத்தான் இந்தத் தேர்வு என்று முடிகிறது. அடுத்த வசனம் அதைவிட முக்கியம், ‘முன்பு நீங்கள் மக்களாகவே இருக்கவில்லை’ என்கிறது. அது பழைய ஏற்பாட்டு இறைவாக்கினர் ஓசேயாவிடமிருந்து எடுத்தது, தன் பிள்ளைக்கு ‘லோ அம்மி’, அதாவது ‘என் மக்கள் அல்ல’ என்று பெயர் வைக்க வேண்டியிருந்தது அவருக்கு. வெளியே நின்றவர்களை உள்ளே சேர்த்தபிறகு சொன்ன பேச்சை, உள்ளே இருப்பவன் மார்தட்டிக்கொள்ள எப்படி எடுப்பது?

குழந்தையாக இருந்தபோது என்றால் என்ன, திருமுழுக்கின்போது உங்கள் உச்சியில் கிறிஸ்மா என்ற புனித எண்ணெய் பூசி குரு, இறைவாக்கினர், அரசர் ஆகிய கிறிஸ்துவின் மூன்று பணிகளிலும் பங்கு கொடுத்தார்கள். அந்த முத்திரை அழியாது. நீங்கள் பத்து வருடம் கோவில் பக்கமே போகாவிட்டாலும் திரும்பத் திருமுழுக்குக் கொடுக்க மாட்டார்கள், ஒப்புரவு அருட்சாதனத்துக்குத்தான், அதாவது பாவசங்கீர்த்தனத்துக்குத்தான் அனுப்புவார்கள்.

மணல்வீடு:
அப்படியானால் இஸ்ரயேலின் இடத்தைத் திருச்சபை பிடித்துக்கொண்டதா? சிறு வயதில் எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

கடைசிபெஞ்ச்:
இல்லை. உரோமையர் 11:29: கடவுள் கொடுத்த கொடைகளையும் அழைப்பையும் திரும்பப் பெறுவதில்லை. 1965-இல் அதே வத்திக்கான் சங்கம், பிற சமயங்கள் பற்றிய ‘நோஸ்த்ரா எயித்தாத்தே’ ஏட்டில் இதை எடுத்துச் சொன்னது. இஸ்ரயேல் என்ற ஒலிவ மரத்தில் ஒட்டிய காட்டுக் கிளைதான் நாம், பவுலே அப்படித்தான் எழுதுகிறார்.

பழையகுடை:
எல்லாருக்கும் நன்றி. ஓசேயா வாசிக்க ஆரம்பித்திருக்கிறேன். மனைவியிடம் 16-ஆம் எண்ணைக் காட்டினேன், 14-ஐக் காட்டவில்லை.