மறு: விண்வெளி நிலையத்தில் மிதப்பதற்கு என்ன சொல்?

குழுவினருக்கு வணக்கம்.

ஒன்பதாம் வகுப்புக்கு ஈர்ப்பு பற்றிக் கையேடு எழுதுகிறேன். தமிழ்நாடு, இலங்கை இரு பக்கப் பிள்ளைகளும் படிக்க வேண்டும். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது; ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன். 'எடையின்மை' என்று எழுதியதுமே, "அப்ப மேல ஈர்ப்பே இல்லையா சார்?" என்கிறார்கள். பன்னாட்டு விண்வெளி நிலையம் சுற்றும் 400 கி.மீ. உயரத்தில் ஈர்ப்பு முடுக்கம் சுமார் 8.7 மீ/வி²; தரையில் 9.8. தூரத்தைப் புவி மையத்திலிருந்து அல்லவா அளக்க வேண்டும்! 6,371 கி.மீ. என்பது 6,771 ஆகிறது, அவ்வளவுதான். ஈர்ப்பு கால் பங்காக வேண்டுமானால் தரையிலிருந்து 6,371 கி.மீ. ஏற வேண்டும். நிலையமும் ஆளும் சேர்ந்தே விழுவதால்தான் மிதக்கிறார்கள். 'நுண்ணீர்ப்பு', அதாவது மிகச் சிறிய ஈர்ப்பு, என்றாலும் இதே குழப்பம். வேறு சொல் தாருங்கள்.

------

வணக்கம் சேர். நீங்கள் எடை என்பது, அதாவது பொருளைப் புவி இழுக்கும் விசை, எங்கள் இலங்கைப் பாடநூலில் நிறை. நீங்கள் நிறை என்பது, அதாவது பொருளில் அடங்கிய பருப்பொருளின் அளவு, எங்களுக்குத் திணிவு. இங்கே 'நிறையின்மை' என்றால் மிதப்பது. உங்கள் பிள்ளைகள் அதைப் படித்தால் என்ன விளங்கிக்கொள்வார்கள்? திணிவை நீங்களும் எடுத்துக்கொள்ளலாமே. 'மண் திணிந்த நிலனும்' என்கிறது புறநானூறு. திணிந்த மண்தானே நம்மை இழுக்கிறது!

------

ஐயா, திணிவு அடர்த்தியைத்தான் நினைவூட்டும். நிறையை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. தொல்காப்பியரே 'அளவிற்கும் நிறையிற்கும்' என்கிறார். நிறு, நிறை, எடு, எடை. தட்டுத் தராசை நிலவுக்குக் கொண்டுபோனாலும் ஒரு கிலோ அரிசிக்கு ஒரு கிலோ படிக்கல்தான் சமன் காட்டும். இரு தட்டையும் நிலவு ஒரே மாதிரி இழுக்கிறது. சுருள்வில் தராசில் தொங்கவிட்டால் ஆறில் ஒரு பங்குதான். ஆக, கோல் காட்டுவது நிறை, எடுக்கும் கை உணர்வது எடை. 'சீர்தூக்குங் கோல்' என்ற குறளில் தூக்குதலும் நிறுத்தலே. மலையாளத்தில் இன்றும் எடைக்குத் தூக்கம் என்பார்கள். தமிழில் அது உறக்கத்துக்குப் போய்விட்டது.

------

உடம்பு உணர்வது ஈர்ப்பை அல்ல, தரை நம்மைத் தாங்குவதை. மிதப்பவருக்கு அந்தத் தாங்கல்தான் இல்லை. அதே புறநானூற்றுப் பாட்டு 'நிலன் ஏந்திய விசும்பும்' என்று தொடர்கிறதே, 'ஏந்தலின்மை' எனலாமா?

------

ஏந்தல் என்றால் மன்னன், அம்மா. 'தாங்கலின்மை' வேண்டுமானால் பார்க்கலாம். ஆனால் வேடந்தாங்கலில் தாங்கல் நீர்நிலை. மனத்தாங்கல் வேறு இருக்கிறது.

------

அனைவருக்கும் நன்றி. நேற்று பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் ஓட்டை போட்டு, தண்ணீர் நிரப்பி, மூடாமல் பிடித்தேன். பீய்ச்சியது. மாடியிலிருந்து கைவிட்டேன். தரையைத் தொடும்வரை ஒழுகல் நின்றிருந்தது. "தண்ணிய பாட்டில் தாங்கல சார், ரெண்டும் சேர்ந்து விழுது" என்றாள் பின்வரிசை மாணவி ஒருத்தி. தாங்கலின்மை என்ற சொல்லை நான் அதுவரை வகுப்பில் சொல்லவே இல்லை.

ஆனாலும் எழுதியவர்களில் பெரும்பாலோர் 'எடையின்மை' பழகிவிட்டது, மாற்ற வேண்டாம் என்கிறீர்கள். தலைப்பில் அதையே வைக்கிறேன், பக்கத்தில் இலங்கைப் பிள்ளைகளுக்காக 'நிறையின்மை'. பாட்டில் படத்தின் கீழே மட்டும் 'தாங்கலின்மை' என்று போடப் போகிறேன்.

------

சேர், சந்தோஷம். ஆனால் நிறைக்குப் பக்கத்தில் திணிவு என்று எங்கும் போடவில்லையே? நிலவில் மாறாதது எது என்று எங்கள் பிள்ளைகள் குழம்புவார்கள். அச்சுக்குப் போகமுன் அந்த ஒரு இடத்தையாவது பாருங்கோ.