மறு: ஃபீல்டுக்குப் புலம் சரி, டிலிமிட்டருக்கு என்ன?

அனைவருக்கும் வணக்கம். வீட்டு வானிலை நிலையக் கோப்புகளுக்கான நம் கலைச்சொல் பட்டியலில், ஒரு வரியில் ஒரு மதிப்பு நிற்கும் இடமான ஃபீல்டுக்குப் ‘புலம்’ என்றோம். மதிப்புகளைப் பிரித்துக் காட்டும் குறியான டிலிமிட்டருக்கு என்ன சொல்வது என்பதுதான் கேள்வி.

> ஃபீல்டுக்குக் ‘கட்டம்’ போதாதா? படிவத்தில் அப்படித்தானே சொல்கிறோம்.

மேலே கும்பகோணம் ஐயா கேட்பது படிவத்துக்குப் பொருந்தும். வீட்டு வானிலை நிலையம் எழுதும் நிகழ்நேரக் கோப்பில் கட்டமே கிடையாது. நிலையத்தின் அளவுகளைப் பதியும் கியூமுலஸ் மென்பொருளின் கோப்பைத் திறந்து பாருங்கள். ஒரே வரிதான். தேதி, நேரம், வெப்பநிலை, ஈரப்பதம், பனிநிலை (காற்றின் ஈரம் பனித்துளியாகும் வெப்பநிலை) என்று வரிசையாக, நடுவில் இடைவெளி விட்டு நிற்கும். எது என்ன என்று தலைப்புக் கிடையாது. எத்தனையாவது என்பதுதான் அடையாளம். பட்டாவில் புல எண் பார்த்துப் பழகியவர்கள் நாம். ‘நாலாவது புலம் ஈரப்பதம்’ என்றால் யாருக்கும் விளங்கும்.

எனக்கு முக்கியமாகப் படுவது டிலிமிட்டர்தான். ‘பிரிப்பான்’ என்று எழுதிவருகிறோம், தப்பில்லை. ஆனால் அது போனால் என்ன ஆகும் என்பதை அந்தச் சொல் சொல்வதில்லை. போன ஐப்பசியில் எங்கள் வீட்டு வெப்பமானியின் வயரை எலி கடித்துவிட்டது. நானே எழுதிய நிரல், வெப்பநிலை இருக்க வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டு மற்றதை எழுதிக்கொண்டே போனது. இரண்டு இடைவெளி சேர்ந்து நின்றது. அதைப் படிக்கும் நிரல் பைத்தான் மொழியில். வரியை வெறுமனே பிரிக்கச் சொன்னால் எத்தனை இடைவெளி இருந்தாலும் ஒன்றாகத்தான் எடுத்துக்கொள்ளும். காலையில் திரையைப் பார்த்தால் மன்னார்குடியில் வெப்பநிலை 91, ஈரப்பதம் 7! ஈரப்பதம் வெப்பநிலையின் இடத்துக்கும், அதை அடுத்திருந்த காற்று வேகம் (என் கோப்பில் பனிநிலை இல்லை) ஈரப்பதத்தின் இடத்துக்கும் நகர்ந்துவிட்டன.

கார்த்திகையில் வயல் முழுகிக் கிடக்கும்போது எது யாருடையது என்று தெரியாதே, அதே கதைதான். ஆகவே டிலிமிட்டருக்கு ‘வரப்பு’ என்கிறேன். ‘வரம்பு’ கணக்குப் பாடத்துக்குப் போய்விட்டது, வரப்பு நம்மிடம் மிச்சம் இருக்கிறது. இடைவெளி வரப்பு, காற்புள்ளி வரப்பு என்று வகையும் சொல்லலாம். நான் இப்போது காற்புள்ளிக்கு மாறிவிட்டேன். இரண்டு காற்புள்ளி அடுத்தடுத்து வந்தாலும் நடுவில் ஒரு புலம் இருப்பது தெரிகிறது.

அப்புறம், மதிப்பு இல்லாத புலம். அங்கே 0 போடவே கூடாது. மழைமானிக்குள் குளவி கூடு கட்டி அடைத்திருந்தாலும் 0, மழையே பெய்யாவிட்டாலும் 0 என்றால் எதை நம்புவது? அந்தப் புலத்தைத் ‘தரிசு’ என்று சொல்லிப் பார்க்கலாமா?

நம் கோப்பில் எந்தெந்தப் புலம் வேண்டும் என்பதில் எனக்குப் பெரிய தகராறு இல்லை. ஆனால் ‘இன்றைய மழை’ என்று மட்டும் வைக்காதீர்கள். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மழைக்கணக்கு காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரை. நம் நிரல் நள்ளிரவில் பூஜ்யமாக்கினால் ராத்திரி பெய்த ஒரே மழை இரண்டு நாளாக உடைந்து, பேப்பரில் வரும் அளவோடு ஒருநாளும் ஒத்துப்போகாது. ‘8.30 மழை’ என்றே பெயர் வைக்கலாம். அழகாக இல்லைதான், குழப்பமும் இல்லை.

காற்றுக்குச் சராசரி ஒன்று, கஸ்ட் (சட்டென்று பலமாக அடிக்கும் காற்று) ஒன்று என இரண்டு புலம் கட்டாயம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியதைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. சராசரிக் காற்றிலா அத்தனை தென்னையும் சாய்ந்தது? கஸ்டுக்கு ‘வீச்சு’ என்று சொல்ல ஆசைதான், ஆனால் இயற்பியல் பாடத்தில் அதற்கு வேறு வேலை கொடுத்துவிட்டார்கள்.

~

தம்பி, வரப்பு நன்றாக இருக்கிறது, கட்டத்தை விட்டுவிடுகிறேன். தரிசு வேண்டாம். எங்கள் பக்கம் வருஷக்கணக்காகப் போட்டுவைத்த நிலம்தான் தரிசு. ஒரு போகம் நடாமல் விட்டதற்கு அந்தப் பெயர் இல்லை. உங்கள் வெப்பமானி வயர் மாற்றியதும் மறுபடி எண் கொடுக்கும். ‘காலி’ என்றால் என்ன குறைச்சல்? வீடு காலி, சிலிண்டர் காலி, புலம் காலி.

~

சரி ஐயா, காலியே இருக்கட்டும். பட்டியலில் புலம், வரப்பு, காலி மூன்றையும் ஏற்றிவிட்டேன். கஸ்டுக்கு எதிரே இப்போதைக்குக் காலி.