அமெரிக்காவுல கருப்பின மக்கள் காலேஜ்ல பயோமெடிக்கல் எம்.எஸ்., ஃபண்டிங் கிடைக்குமா?

தண்டையார்பேட்டை தம்பி:
வணக்கம். பி.இ. பயோமெடிக்கல் கடைசி வருஷம். அப்பா ஹார்பர்ல கான்ட்ராக்ட் வேலை, லோன் போட்டு எம்.எஸ். எல்லாம் நமக்கு ஆவாது, ஃபண்டிங் இருந்தா தான் ஃப்ளைட்டு. சீனியர் ஒருத்தரு நார்த் கரோலைனா ஏ அண்ட் டி யுனிவர்சிட்டிக்கு போடுன்னாரு, தேடிப் பாத்தா எச்.பி.சி.யு.ன்னு வருது, கருப்பின மக்களுக்குன்னு ஆரம்பிச்ச காலேஜாம். நம்மள சேத்துப்பாங்களா? அங்க வர்ற கவர்மென்ட் பணம் அவங்க பசங்களுக்கு மட்டுமா? சித்தப்பா வேற கோட்டா காலேஜு, மதிப்பு இருக்காதுன்றாரு.

பெரம்பூர் அக்கா:
யாரு வேணா சேரலாம்பா. 1964க்கு முன்னாடி கருப்பின மக்கள் படிப்புக்குன்னே ஆரம்பிச்ச காலேஜ்களுக்கு 1965 சட்டம் வெச்ச பேரு அது, இப்போ எல்லா பசங்களும் தான் படிக்கிறாங்க. மதிப்பு பத்தி கேட்டியே, 2008ல என்.எஸ்.எஃப்., அதாவது ஆராய்ச்சிக்கு பணம் தர்ற அமெரிக்க கவர்மென்ட் அமைப்பு, இந்த ஏ அண்ட் டிக்கு ஒரு எஞ்சினியரிங் ரிசர்ச் சென்டர் குடுத்துச்சு, அஞ்சு வருஷத்துக்கு 1.8 கோடி டாலர், அந்த மாதிரி சென்டருக்கு தலைமை எடுத்த முதல் எச்.பி.சி.யு. அதுதான். அப்போ அந்த சென்டர் டைரக்டர் ஜகந்நாதன் சங்கர். பிட்ஸ்பர்க், சின்சினாட்டி யுனிவர்சிட்டிங்க பார்ட்னரு, நம்ம ஐஐடி மெட்ராஸும் கூட இருந்துச்சு.

அந்த சென்டர் வேலை என்னன்னா, எலும்பு ஒடைஞ்சா வெக்கிற, உடம்புக்குள்ளயே கரையுற மெக்னீசியம் ஸ்க்ரூ, ப்ளேட்டு. ஸ்டான்லி ஆஸ்பத்திரி எலும்பு ஓ.பி. பக்கம் போனா உனக்கே புரியும், டைட்டானியமோ ஸ்டீலோ வெச்சா சிலருக்கு அத கழட்ட இன்னொரு ஆபரேஷன், வளர்ற புள்ளைங்கன்னா இன்னும் தலைவலி. மெக்னீசியம்னா அந்த வேலை மிச்சம், ஆனா சும்மா வெச்சா ஈனோ மாதிரி நுரைச்சு, ஹைட்ரஜன் கேஸ் விட்டுக்கினே சீக்கிரம் கரைஞ்சிடும், எலும்பு கூடுறதுக்குள்ள ஸ்க்ரூ பலம் போயிடும். கரையுற வேகத்த வேற உலோகம் கலந்து அலாய் ஆக்கி, கோட்டிங் போட்டு பிடிக்கிறது தான் அங்க ஆராய்ச்சியே.

ராயபுரம் ரெண்டாவது மாடி:
அக்கா சொன்னது கரெக்ட், ஆனா தம்பி 2008 காச நம்பி கிளம்பிடாத, அந்த டைப் சென்டருக்கு என்.எஸ்.எஃப். பணம் மேக்சிமம் பத்து வருஷம் தான். இப்போ எந்த ப்ரொஃபசர் கையில உயிரோட கிராண்ட் இருக்கு, இன்னும் எத்தன வருஷம் ஓடும், அத கேளு. இன்னொன்னு, என்.எஸ்.எஃப். ஃபெலோஷிப், என்.ஐ.எச்.ன்ற மருத்துவ ஆராய்ச்சி அமைப்போட ட்ரெய்னிங் கிராண்ட் எல்லாம் சிட்டிசன், கிரீன் கார்டுக்காரங்களுக்குத் தான். நமக்கு வழி ப்ரொஃபசரோட ரிசர்ச் கிராண்ட்ல வர்ற ஆர்.ஏ. (ரிசர்ச் அசிஸ்டென்ட்) வேலை, அதுக்கு எஃப்-1ன்ற ஸ்டூடன்ட் விசா தடையில்ல.

சித்தப்பாவுக்கு ஒரு பதில். இந்தக் காலேஜ்களுக்கு ஸ்பெஷலா ஃபெடரல் பணம் வருதுன்னா சும்மா இல்ல. 2023ல ஃபெடரல் கல்வித் துறை, விவசாயத் துறை செக்ரட்டரிங்க ரெண்டு பேரும் 16 மாநில கவர்னருங்களுக்கு லெட்டர் போட்டாங்க, உங்க ஊரு கருப்பின லேண்ட் கிராண்ட் காலேஜ்களுக்கு (விவசாயம், எஞ்சினியரிங் சொல்லித்தர கவர்மென்ட் உதவியோட ஆரம்பிச்சது) மத்த லேண்ட் கிராண்ட் காலேஜ்களை விட முப்பது வருஷமா குறைச்சுத் தான் குடுத்திருக்கீங்கன்னு, மொத்தம் 1,200 கோடி டாலருக்கு மேல. ஏ அண்ட் டி பங்கு மட்டும் 200 கோடிக்கு மேல. இதப் போய் கோட்டான்றாரே.

தண்டையார்பேட்டை தம்பி:
தேங்க்ஸ்ணா, அக்கா. என் ப்ராஜெக்ட்டே மெக்னீசியம் அரிமானம் டெஸ்ட் தான், எஸ்.பி.எஃப்.ல, அதாவது உடம்பு திரவம் மாதிரி செஞ்ச கரைசல்ல, போட்டு எடை பாக்குறோம். அத மெயில்ல போடலாமா?

பெரம்பூர் அக்கா:
டேய் அத மொதல்ல சொல்ல வேணாமா? மெயில்ல முதல் வரியே அதுதான். எம்.எஸ்.ஸுக்கு ஆர்.ஏ. கம்மி, நேரா பி.எச்.டி.க்கும் சேத்துப் போடு.