4.7 எப்படி 6.9 ஆச்சு?

தாமிரபரணி:
"2015 ஜனவரி-மார்ச்சில் மொத்த உள்நாட்டு உற்பத்தி (ஜிடிபி) வளர்ச்சி இந்தியா 7.5 சதவீதம், சீனா 7. முந்திவிட்டோம். பொருளாதாரம் படிக்காதவர்கள் இதில் மூக்கை நுழைக்க வேண்டாம்" என்று நேற்று பொன்வண்டு எழுதியிருந்தார். படிக்காதவன்தான் கேட்கிறேன். 2013-14 வளர்ச்சி 4.7 என்று சொன்ன அதே அரசு, 2015 ஜனவரியில் அதை 6.9 ஆக்கியதே, எப்படி? அது முடிந்துபோன வருஷம். அதற்கப்புறம் அந்த வருஷத்தில் ஒரு மூட்டை நெல்கூட கூடுதலாக விளையவில்லை.

பொன்வண்டு:
எந்த வருஷத்து விலையை வைத்துக் கணக்குப் போடுவது என்ற அடிப்படை ஆண்டை 2004-05இலிருந்து 2011-12க்கு மாற்றினார்கள். முன்பு சில ஆயிரம் கம்பெனிகளின் கணக்கை வைத்துப் போட்ட மதிப்பீடு. இப்போது லட்சக்கணக்கான கம்பெனிகள் அரசிடம் தாக்கல் செய்யும் கணக்கு. இது துறைக்காரர்கள் வேலை. நெஞ்சுவலி என்றால் டாக்டரிடம் ஓடுகிறீர்கள், இதற்கு மட்டும் நீங்களே வைத்தியரா?

தாமிரபரணி:
அந்தத் துறைக்காரரே தப்பு என்கிறாரே! அரவிந்த் சுப்பிரமணியன், 2014 முதல் 2018 வரை தலைமைப் பொருளாதார ஆலோசகர். 2011-12 முதல் 2016-17 வரை 7 சதவீதம் என்று காட்டியது உண்மையில் 4.5 வாக்கில்தான் இருக்கும் என்று, மின்சாரப் பயன்பாடு போன்றவற்றைப் பார்த்து, 2019இல் எழுதினார். அவரும் படிக்காதவரா?

பொன்வண்டு:
நாற்காலியை விட்டு இறங்கியபின் வந்த ஞானம். பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழு மறுப்பு எழுதியதே, படித்தீர்களா?

தாமிரபரணி:
படித்தேன். 4.7 எப்படி 6.9 ஆச்சு?

கணக்கப்பிள்ளை:
ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறவன் சொல்கிறேன். கம்பெனி பதியும்போது என்ன தொழில் என்று போட்ட குறியீட்டு எண், அவர்கள் தொழிலையே மாற்றிய பிறகும் அப்படியே கிடக்கும். அரசிடம் உள்ள அந்தக் கம்பெனிப் பட்டியலை வைத்து மாதிரி ஆய்வுக்குப் போனவர்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கம்பெனி கிடைக்கவில்லை, அல்லது வகை தப்பு. 2019இல் அரசு அறிக்கையிலேயே வந்தது.

பொன்வண்டு:
கணக்குப் புத்தகம் எழுதுகிறவர் எல்லாம் பொருளாதார நிபுணர்!

கணக்கப்பிள்ளை:
2016 பணமதிப்பிழப்பு சமயத்தில், செல்லாது என்ற நோட்டில் மூன்று லட்சம் கோடி ரூபாய் வங்கிக்குத் திரும்பாது என்று இதே இடத்தில் அடித்துச் சொன்ன நிபுணர் யார் சார்? 99.3 சதவீதம் திரும்பியது.

செங்கைக்காரன்:
1990இல் இந்தியா, சீனா இரண்டிலும் தலா வருமானம் ஏறக்குறைய ஒன்றுதான். இன்று அவர்களுடையது நம்மைப்போல் ஐந்து மடங்கு. அரை சதவீதத்துக்கு அடித்துக்கொள்கிறீர்கள்.

பொன்வண்டு:
சீனா சொல்லும் கணக்கை நம்புகிறீர்களா? பின்னாளில் சீனப் பிரதமரான லி கெச்சியாங்கே லியாவ்னிங் மாகாணத்தில் இருந்தபோது, 2007இல், ஜிடிபியை நம்பாமல் மின்சாரம், ரயில் சரக்கு, வங்கிக் கடன் மூன்றையும்தான் பார்ப்பதாக அமெரிக்கத் தூதரிடம் சொன்னார்.

தாமிரபரணி:
அவர் மின்சாரத்தைப் பார்த்தால் புத்திசாலி, சுப்பிரமணியன் பார்த்தால் நாற்காலி இழந்தவரா?

பொன்வண்டு:
உங்கள் பட்டம் என்ன என்று முதலில் சொல்லுங்கள், பதில் தருகிறேன்.

கணக்கப்பிள்ளை:
நான் கேட்ட மூன்று லட்சம் கோடிக்கு முதலில் பதில் வரட்டும்.

பொன்வண்டு:
அது வேறு விஷயம்.